அரை மில்லிமீட்டர்ப் புள்ளி

மெரினாவில் நீங்களும் பலூன் சுட்டிருப்பீர்கள். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், பேரலை மடக்கி ஈயக்குண்டு போட்டுக் கையில் கொடுக்கும் கடைக்காரர், தப்பினால் சிரிப்பதற்கென்றே பின்னால் நிற்கும் நண்பர்கள். நாலு பலூன் உடைந்தால் அன்றைக்கு நாம்தான் ஹீரோ. உடையாவிட்டால் "குழல் வளைஞ்சிருக்குடா, வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு சுண்டல் வாங்கப் போய்விடலாம்.

நம்மில் பலருக்குக் காற்றுத் துப்பாக்கி என்றால் இவ்வளவுதான். திருவிழாச் சாமான். பொம்மைக்கு ஒரு படி மேல். ஆனால் ஒரு காலத்தில் இது ஒரு பேரரசின் ராணுவ ஆயுதம். இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்ததும் இதுதான். இடைப்பட்ட காலத்தில் இது மனிதர்களைச் சுட்டிருக்கிறது, பறவைகளைச் சுட்டிருக்கிறது, மணியைச் சுட்டிருக்கிறது, காகிதத்தைச் சுட்டிருக்கிறது. எதைச் சுட்டார்கள், எதைச் சாதனை என்று கொண்டாடினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இதன் வரலாறு கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. என்னுடைய கதையும் அந்த வரலாற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்கு 12 வயது. கோடை விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனிடம் ஓர் ஏர்கன் இருந்தது. மடக்கிச் சுடுகிற பழைய வகை. ஒரு வாரம் தகர டப்பாக்களைச் சுட்டோம். பிறகு டப்பா அலுத்துவிட்டது. கண்மாய்க்கரை மின்கம்பியில் இரண்டு மைனாக்கள் உட்கார்ந்திருந்தன. "அடிடா பாப்போம்" என்றான் அண்ணன். அடித்தேன். பட்டுவிட்டது. "முதல் குண்டுலயே அடிச்சுட்டான்டா!" என்று தெருவெல்லாம் சொன்னான். பெரியப்பா தோளில் தட்டினார். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஊர் என்னைப் பாராட்டிய நாள் அது.

கீழே விழுந்த மைனா உடனே சாகவில்லை. ஒற்றைச் சிறகை மட்டும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று கம்பியிலேயே இருந்து கத்தியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, சோடா தொண்டையில் இறங்கவில்லை என்பது மட்டும்தான்.

*

காற்றால் குண்டு எறிவது ஊதுகுழல் காலத்து யோசனை. அந்தக் காற்றை ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைத்து வைத்தால் என்ன என்று ஐரோப்பியக் கைவினைஞர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்கள். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு மழை ஆகாது. சுட்டால் புகை எழும். அந்தப் புகையே சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காற்றுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஆனால் அத்தனை அழுத்தத்தைத் தாங்கும் கலனைச் செய்வது கடினம், அதை ஒழுகாமல் வைத்திருப்பது அதைவிடக் கடினம். அதனால் நெடுங்காலம் அது பிரபுக்களின் வேட்டை விளையாட்டாகவே இருந்தது.

அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவர் டிரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியஸ் ஜிரார்தோனி. 1780 வாக்கில் அவருடைய துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. தோளில் வைக்கும் பின்கட்டைதான் அதன் காற்றுக் கலன். பக்கவாட்டுக் குழாயில் 20 ஈயக்குண்டுகள். ஒரு சுடலுக்கும் அடுத்த சுடலுக்கும் நடுவில் மருந்து கொட்டி, குண்டைத் திணித்து, இடித்து இறுக்கும் வேலையெல்லாம் இல்லை. குழாயிலிருந்து அடுத்த குண்டைத் தள்ளி, சுட வேண்டியதுதான். மற்ற ராணுவங்கள் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் உலகம் ஏன் காற்றுத் துப்பாக்கிக்கு மாறவில்லை? காரணம் பம்ப். ஒரு கலனை நிரப்பக் கையால் சுமார் 1500 தடவை பம்ப் அடிக்க வேண்டும். தோல் வளையங்கள் காய்ந்தால் காற்று கசிந்துவிடும். பழுது பார்க்கத் தேர்ந்த கைகள் வேண்டும். களத்தில் அத்தனை பேருக்கு எங்கே போவது? சில பத்தாண்டுகளில் அது ராணுவத்தை விட்டுப் போய்விட்டது.

ஆனால் அதற்குள் அந்த வகைத் துப்பாக்கி ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. 1803இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அறியப் புறப்பட்ட லூயிஸ் - கிளார்க் பயணக் குழுவிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அது ஜிரார்தோனி வகையைச் சேர்ந்தது என்பதே இன்று பல ஆய்வாளர்களின் முடிவு. வழியில் சந்தித்த பூர்வகுடி மக்கள் முன் லூயிஸ் அதைச் சுட்டுக் காட்டுவார். தீ இல்லை, புகை இல்லை, குண்டு மட்டும் போய்ப் பாய்கிறது. பார்த்தவர்கள் வியந்ததைப் பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி இன்னும் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு விபத்து. 1803 ஆகஸ்ட் இறுதி. பிட்ஸ்பர்க்கை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஓர் ஆற்றுத்தீவில் படகை நிறுத்தி, அங்கிருந்தவர்களுக்குத் துப்பாக்கியைக் காட்டினார் லூயிஸ். அதைக் கையில் வாங்கிய ஒருவர் தெரியாமல் விசையை அழுத்திவிட்டார். நாற்பது கெஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றியோரத்தை உரசிக்கொண்டு போனது குண்டு. அவர் சரிந்து விழுந்தார். ரத்தம் கொட்டியது. இறந்தே போய்விட்டார் என்று எல்லோரும் பயந்தார்கள். நல்லவேளை, காயம் ஆழமில்லை. ஒரு மாபெரும் பயணத்தின் நாட்குறிப்பு இப்படித் தொடங்குகிறது. வேடிக்கை காட்டும் சாமானுக்கும் ஆயுதத்துக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய கோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*

ஒரு நூற்றாண்டு கழித்து, 1903இல், காற்றுத் துப்பாக்கி இலக்கியத்துக்குள் வந்தது. செத்துப்போனதாக வாசகர்கள் நம்பிய ஷெர்லாக் ஹோம்ஸைக் கானன் டாயில் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்த கதையில், எதிரி கையில் இருப்பது சத்தமில்லாத காற்றுத் துப்பாக்கி. அந்த எதிரி கர்னல் மோரன், இந்தியாவில் புலி வேட்டையாடிப் பேர் வாங்கியவர்; பெங்களூர் படைப்பிரிவு ஒன்றில் இருந்தவராக டாயில் அவரை எழுதியிருக்கிறார். ஆங்கிலேய வாசகரின் கற்பனையில் காற்றுத் துப்பாக்கி அப்போது கோழையின், சதிகாரனின் ஆயுதம்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில் அதே இங்கிலாந்தின் மதுக்கடைகளில் உழைப்பாளிகள் அதை வைத்து மணியடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பர்மிங்காம் பக்கம் அந்த விளையாட்டுக்குப் பெயர் 'பெல் டார்கெட்'. இரும்புத் தகடு ஒன்று; அதன் நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 9.5 மில்லிமீட்டர் துளை. துளைக்குப் பின்னால் ஒரு மணி. ஆறு கெஜ தூரத்திலிருந்து சுட வேண்டும். குண்டு துளைக்குள் போனால் 'டிங்'. கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். யாரும் அட்டையை எடுத்துப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. நாளெல்லாம் பட்டறையில் உழைத்தவனுக்குச் சாயங்காலம் ஒரு டம்ளர் பியரோடு ஒரு 'டிங்' கிடைத்தால் போதாதா?

இதற்குப் பின்னால் போயர் யுத்தம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகள் குறி தவறாமல் சுட்டபோது பிரிட்டிஷ் சிப்பாய்கள் திணறினார்கள். சாதாரண மக்களும் குறிபார்க்கப் பழக வேண்டும் என்ற பேச்சு இங்கிலாந்தில் எழுந்தது. காற்றுத் துப்பாக்கி மலிவு, வீட்டுக்குள்ளேயே சுடலாம். 1904இல் லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற பர்மிங்காம்காரர் காப்புரிமை வாங்கிய வடிவத்தை 1905 முதல் பெரிய அளவில் செய்து விற்ற கம்பெனி பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்.

சுருக்கமாகச் சொன்னால் பிஎஸ்ஏ. ஆமாம், நம்ம ஊர் பிஎஸ்ஏ லேடிபேர்ட் சைக்கிளில் இருக்கும் அதே பிஎஸ்ஏ. துப்பாக்கிக் கம்பெனி பிறகு சைக்கிளும் மோட்டார் பைக்கும் செய்தது. அந்தப் பெயரில் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் செய்த சைக்கிள்களில்தான் நம்மில் பாதிப் பேர் டியூஷனுக்குப் போனோம். பர்மிங்காம் கம்பெனியின் சின்னமே ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்.

ஆக, மனிதனைச் சுட்ட கருவி திருந்தி, நேர்கோட்டில் நடந்து, மணிக்கு வந்து சேர்ந்தது என்று நான் கதை கட்ட முடியாது. அந்தக் கடைகளில் மணியடித்துப் பழகிய தலைமுறைதான் 1914இல் பதுங்குகுழிகளுக்குப் போனது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் காற்றாலை செய்த கம்பெனி ஒன்று 1880களில் வியாபாரம் தூக்கி நிறுத்த ஒரு வழி கண்டது: காற்றாலை வாங்கும் விவசாயிக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி. கொஞ்ச நாளில் காற்றாலையைவிடத் துப்பாக்கிக்குத்தான் கிராக்கி. 1895இல் கம்பெனி தன் பெயரையே துப்பாக்கியின் பெயருக்கு மாற்றிக்கொண்டது: டெய்சி. அமெரிக்கச் சிறுவன் ஆண்பிள்ளையாவதற்கு ஒரு படி என்று அதை விற்றார்கள். முதல் டப்பா, முதல் குருவி. எங்கள் கண்மாய்க்கரையில் எனக்குக் கிடைத்த கலர் சோடா, அங்கே எத்தனை தலைமுறைச் சிறுவர்களுக்கு வேறு வேறு வடிவில் கிடைத்திருக்குமோ.

*

காகிதத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியில் துப்பாக்கி செய்யத் தடை. நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃப், மவுசர் துப்பாக்கிகளின் ஊர். தொழிற்சாலை போய்விட்டது. அங்கே வேலை செய்த பொறியாளர்கள் சிலர் 'ஃபைன்வெர்க்பாவ்' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயருக்கு 'நுண்கருவி செய்தல்' என்று பொருள். 1950களில் ஜெர்மன் துப்பாக்கிக் கழகங்கள் மறுபடி கூடத் தொடங்கியபோது கையில் எடுத்தது காற்றுத் துப்பாக்கியைத்தான்.

அப்போதைய வகையில் ஒரு குறை இருந்தது. மெரினாத் துப்பாக்கியிலும் அதே குறைதான். பேரலை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்குகிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. காற்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் ஓட்டம் மொத்தத் துப்பாக்கியையும் குலுக்கிவிடும். குறி நகர்ந்துவிடும். (கடைக்காரர் மேல் நாம் போட்ட பழியில் பாதியை இந்த ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிடலாம்.) 1961இல் வந்த ஃபைன்வெர்க்பாவ் 150 இதற்கு ஓர் எளிய வழி கண்டது: இயங்கும் பகுதி முழுவதையும் ஒரு தண்டவாளத்தில் வைத்துவிட்டார்கள். குலுங்க வேண்டியது பின்னால் வழுக்கிப் போகும். தோளில் இருக்கும் கட்டை அசையாது.

1966 வீஸ்பாடன் உலகப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இடம் பிடித்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஆண்களில் பிரான்ஸின் பிலிப் ஹெபெர்லே, பெண்களில் அமெரிக்காவின் பாட் ஸ்பர்ஜின். இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கே கிடையாது. முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்று சிலிண்டர்தான். அதாவது ஜிரார்தோனியின் யோசனை, இருநூறு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இந்தத் தடவை அதன் முன்னால் நிற்பது ஒரு காகித அட்டை.

அந்த அட்டையைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம். அதன் மையத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் பத்து. புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைக்கும் முற்றுப்புள்ளி அளவு. அதைச் சுடும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து. ஆனால் பத்துக்குள்ளும் பத்து படிகள் உண்டு: 10.0 முதல் 10.9 வரை. கால் மில்லிமீட்டர் விலகினால் ஒரு படி போச்சு. 10 மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. கறுப்பு வட்டத்தைக் குறிவளையத்துக்குள் நடுவாக நிறுத்துவார்கள். புள்ளி அங்கே இருக்கிறது என்று நம்புவார்கள். அவ்வளவுதான் செய்ய முடியும்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். கடைசி ஒரு சுடல் பாக்கி. அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனும் சரிசமமாக 689.7. பிந்த்ரா சுட்டது 10.8. ஹக்கினன் சுட்டது 9.7. மொத்தம் 700.5, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். இடையில் புகுந்து சீனாவின் ஷு சினான் வெள்ளியைக் கொண்டுபோனார். தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்த தூரம் அட்டையில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. நான்கு வருடம் முன்னால், ஏதென்ஸில், இதே பிந்த்ரா இறுதிச் சுற்றில் ஏழாமிடம் போனவர். எட்டு வருடம் கழித்து ரியோவில் நான்காமிடம். பெய்ஜிங்கை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய வாழ்க்கை மூன்றும் சேர்ந்தது.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில். அவர் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம், அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் 16ஆமிடம். 2024 பாரிஸில் 60 சுடல்களுக்கு 630.7. சராசரி 10.5. அதாவது அறுபது குண்டுகளும் சராசரியாக மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள். அதற்குக் கிடைத்தது 10ஆமிடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அன்றைக்கு நம் தொலைக்காட்சிகளில் அவர் 'வெளியேறினார்'. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்த எண்ணின் பக்கத்தில் போக முடியாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த 630.7 என்ன என்று தெரியும்.

*

ஆமாம், நானும் சுடுகிறேன். 31 வயதில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் 'சும்மா, மன ஒருமைக்கு' என்பேன். முழு உண்மை அதுவல்ல. 12 வயதில் கையில் பிடித்த ஒன்றை மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் அதில் பாதிகூட இருக்காது. உரிமம் வேண்டாம் என்பதால் பொறுப்பும் வேண்டாம் என்று ஆகாது. ரேஞ்சில் முதல் மாதம் மேடம் எங்களைச் சுடவே விடவில்லை. குழல் எப்போதும் அட்டைப் பக்கம். விரல் எப்போதும் விசைக்கு வெளியே. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினை. லூயிஸ் அந்தத் தீவில் இறங்கியபோது இந்த மூன்றையும் சொல்ல ஒரு மேடம் இல்லாமல் போய்விட்டார்.

எங்கள் கிளப்பில் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் வருவார். மாவட்டப் போட்டிக்குக்கூடப் போனதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் அட்டைகள். பின்பக்கம் பேனாவில் தேதி: 'முதல் பத்து'. 'முதல் தடவை 80 தாண்டியது'. 'கண் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள்'. 'அவள் போன பிறகு முதல் ஞாயிறு. 71'. டீ வரும்போது டின்னைத் திறப்பார். நாங்கள் எங்கள் அட்டைகளைக் காட்டுவோம். "தம்பி, இங்க பாருங்க, அஞ்சு குண்டும் ஒரே ஓட்டை" என்று யாராவது சொன்னால் எல்லோரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்போம். வெளியாளுக்கு அது ஓட்டை விழுந்த அட்டை.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு. பத்துக் குண்டில் ஒன்றுகூட ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. மொத்தம் 94. மூன்று வருடத்தில் முதல் தடவை. அட்டையை எடுத்துக்கொண்டு போய் சாரிடம் கொடுத்தேன். கையைத் தள்ளிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "தேதி போடுங்க" என்று பேனாவை நீட்டினார். பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"முதமுதல்ல எதைச் சுட்டீங்க தம்பி?"

"டப்பா சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டப்பாவுக்கு அப்புறம் ஒரு மைனா" என்றேன்.

தலையை ஆட்டினார். "நான் அணில். ஒன்பது வயசு. எங்கப்பா அன்னிக்கு எட்டணா கொடுத்தார்."

டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து லேனில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சுட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியை இறக்கி வைத்து, மூச்சு விட்டு, அட்டையைப் பார்த்தது. எட்டு. ஏழு. எட்டு. அடுத்த குண்டுக்கு அது நிமிர்ந்து "பத்து!" என்று கத்தியது. நாங்கள் இருவரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனோம், அட்டையைப் பார்க்க.